ஒன்றரை மணி நேரம், நூறு மணி நேரம், ஒரே விலை

2023 ஜூலையில் 'வெண்பா' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. 1980களில் கனடாவின் டொரன்டோவில் குடியேறிய தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன். அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். இவர்கள் கதைதான் கேம். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் பாதி அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்று ஆடுபவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றரை மணி நேரத்தில் ஆடிவிடலாம். விலை 14.99 டாலர்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 2016 பிப்ரவரியில், 'ஸ்டார்டியூ வேலி' வந்தது. தாத்தா விட்டுச்சென்ற பண்ணையை எடுத்து நடத்த வேண்டும். விதைக்கலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், ஊரில் யாரையாவது கல்யாணமும் செய்துகொள்ளலாம். நூறு மணி நேரம் ஆடியும் அலுக்காதவர்கள் ஏராளம். அதன் விலையும் 14.99 டாலர்தான்.

மணிக்கணக்குப் போட்டால் வெண்பாவின் ஒரு மணி நேரம் பத்து டாலர், ஸ்டார்டியூவின் ஒரு மணி நேரம் பதினைந்து சென்ட். கேம் வாங்குகிறவர்களில் பலர் உண்மையிலேயே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். 'இந்த விலைக்கு இவ்வளவு நேரம்தானா' என்ற புகாரை எந்தக் கேமின் விமர்சனப் பகுதியிலும் பார்க்கலாம். பட்டுப்புடவையைத் தராசில் வைத்து விலை பேசுகிற காரியம் இது என்பது என் எண்ணம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமில்லை. அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது, யாருக்கு அது சரியான கணக்கு என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கேம் எப்படி உருவாகிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் சொந்தமாக ஒரு கேம் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும், செய்து முடித்ததற்கு என்ன விலை வைப்பது என்று விழிப்பவர்களுக்கும், வாங்கி ஆடுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இண்டி கேம் என்றால் பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் பணமும் ஆணையும் இல்லாமல் தனி ஆளோ சிறு குழுவோ செய்கிற கேம். எல்லைக்கோடு தெளிவானதல்ல. இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

விதி, ஓட்டம், உணர்வு

கேம் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2004இல் ராபின் ஹூனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் சூபெக் மூவரும் எழுதிய ஒரு சிறு கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் சாரம் எளியது. ஒரு விளையாட்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் விதிகள். அந்த விதிகள் ஆடுபவரின் கையில் ஓடத் தொடங்கும்போது நடப்பவை நடு அடுக்கு. அதனால் ஆடுபவருக்கு ஏற்படும் உணர்வு மேல் அடுக்கு. செய்பவர் கீழிருந்து மேலே பார்க்கிறார், ஆடுபவர் மேலிருந்து கீழே பார்க்கிறார்.

கையில் கணினி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம்; ஆடுகளால் வெட்ட முடியாது, சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். எல்லா ஆடுகளையும் களத்தில் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. விதி இவ்வளவுதான். இதிலிருந்து எழும் ஓட்டம் வேறு: ஆட்டுக்காரர் முதலில் சிலவற்றைப் பலி கொடுத்து ஓரங்களைப் பிடிக்கிறார், புலிக்காரர் தொடக்கத்தில் கொழுத்துப் பிறகு மூச்சுத் திணறுகிறார். உணர்வும் இரு பக்கமும் வேறு வேறு. இப்போது ஆடுகளை 15இலிருந்து 10 ஆக்கிப் பாருங்கள். விதியில் ஒரே ஓர் எண்தான் மாறியிருக்கிறது. புலிகளை அடைப்பது ஏறக்குறைய நடவாத காரியமாகிவிடும், ஆட்டுக்காரருக்கு ஆடவே மனம் வராது. தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்து, எண்ணை மாற்றி மாற்றி ஆடிப் பார்ப்பதுதான் கேம் வடிவமைப்பின் முதல் பாடம். காசு செலவில்லை.

கணினியிலும் இதே வேலைதான். 2018இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம், தாவுவதே அதன் உயிர். மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி வரை தாவல் பொத்தானை ஏற்றுக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஆடுபவருக்கு இது தெரியவே தெரியாது. 'சரியான நேரத்தில் தாவினேன்' என்று நினைத்துக்கொள்வார். அந்தச் சலுகையை நீக்கினால் அதே கேம் கைக்கு அடங்காத, எரிச்சலூட்டும் ஒன்றாகிவிடும். கேம் செய்கிறவர்கள் மற்றவர்களின் கேம்களை ஆடும்போது தேட வேண்டியது இப்படிப்பட்ட இடங்களைத்தான். எங்கே நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், எந்த எண், எந்த விதி இப்படி உணரவைக்கிறது என்று ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

விலைச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. செய்தவரின் உழைப்பு முழுவதும் கீழ் அடுக்கில் போகிறது. வாங்குபவர் காசு கொடுப்பது மேல் அடுக்குக்கு. இடையில் நேரடியான மாற்று விகிதம் எதுவும் கிடையாது.

மணி நேரம் எங்கிருந்து வருகிறது

கேமின் நேரம் இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று, திரும்பத் திரும்பச் சுழலும் விதி. இன்னொன்று, ஒரு முறை மட்டும் காணக்கூடிய காட்சி.

'வாம்பயர் சர்வைவர்ஸ்' முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் வாழும் இத்தாலியரான லூகா கலாண்டே தொடங்கிய கேம் இது; 2021இல் வந்தது. ஆடுபவர் செய்ய வேண்டியது நடப்பது மட்டுமே. ஆயுதங்கள் தாமாகச் சுடும். எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், கொன்றால் மணிகள் கிடைக்கும், மணி சேர்ந்தால் புதிய ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரம். அடுத்த அரை மணி நேரம் வேறு ஆயுதக் கூட்டணி, வேறு ஆட்டம். எண்களைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டால் அதே சில படங்கள் ஐம்பது மணி நேரத்துக்கு உழைக்கும். எர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முழுதாக முடியும் முன்பே, 2.99 டாலருக்கு விற்றார்கள். 2022 அக்டோபரில் முழு வடிவம் வந்தபோது 4.99 ஆனது. மறு ஆண்டு பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த கேம் விருது இதற்குக் கிடைத்தது, பல கோடி டாலர் செலவில் செய்த போட்டியாளர்களைத் தாண்டி.

வெண்பா இரண்டாவது வகை. அதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ படம் வரைந்திருக்கிறார்கள், பாட்டு அமைத்திருக்கிறார்கள், உரையாடல் எழுதியிருக்கிறார்கள். கவின் வளர வளர வீடு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, அம்மாவிடம் அவன் பேசும் மொழியும் மாறுகிறது. இதில் ஒரு காட்சியை நான்கு முறை சுழலவிட்டு நேரத்தை நீட்டினால் கதை செத்துப்போகும். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டுமானால் ஏற்கெனவே செய்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே ஒன்றரை மணி நேரக் கேம் ஐம்பது மணி நேரக் கேமைவிடக் குறைந்த உழைப்பு என்று நினைத்தால் அது பெரும்பாலும் தலைகீழ். 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதும், சுயாதீனக் கேம் விழாவின் முதன்மைப் பரிசும் வெண்பாவுக்கே போயின. அதை ஆடி முடித்த பிறகு 'இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்' என்று தோன்றுவது உண்மைதான். நன்றாகச் சமைத்த எதையும் பற்றி அப்படித்தான் தோன்றும், அதைக் குறையாக எழுதுவதுதான் எனக்குப் புரியவில்லை.

ஸ்டார்டியூ வேலி இரண்டையும் கலந்தது. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் தனியாளாக உட்கார்ந்து செய்தார்: நிரல், படங்கள், இசை, கதை, எல்லாம் அவரே. அந்தக் காலத்தில் ஓர் அரங்கத்தில் பகுதிநேர வேலையும் பார்த்தார். வெளியான பிறகு வந்த பெரிய புதுப்பிப்புகளுக்கும் அவர் காசு வாங்கவில்லை. 2024 இறுதிக்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டன. இதைப் படித்ததும் வேலையை விட்டுவிடத் துடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024இல் மட்டும், கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியான கேம்கள் 18,000க்கும் மேல். அவற்றில் நூறின் பெயர் தெரிந்தவர் இருந்தால் அவர் பெரிய ரசிகர்.

முதல் கேமை மட்டும் நாலரை ஆண்டுக் கேமாகத் தொடங்காதீர்கள். கேம் ஜாம் என்று ஒன்று உண்டு: ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் அதையொட்டி ஒரு கேமைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். 2002இல் தொடங்கிய 'லுடம் டேர்' இவற்றில் பழையது. அதன் தனியாள் போட்டிக்கு 48 மணி நேரம். 2009 முதல் நடக்கும் 'குளோபல் கேம் ஜாம்' உலகெங்கும் ஒரே சமயத்தில் நடக்கிறது, இந்திய நகரங்களிலும் கூடுவார்கள். செலஸ்டின் முதல் வடிவம் நான்கு நாட்களில் செய்தது. விதிகளையே கட்டைகளாகத் தள்ளி மாற்றும் 'பாபா இஸ் யூ' 2017இல் நார்டிக் கேம் ஜாமில் பிறந்தது. ஃபின்லாந்தின் ஆர்வி டெய்காரி அதை வளர்த்து 2019 மார்ச்சில் முழு கேமாக வெளியிட்டார். இரண்டு நாளில் செய்யும் கேமில் ஒரே ஒரு செயலுக்குத்தான் இடம் இருக்கும். அது வரம்பு மாதிரித் தெரிந்தாலும், லூகஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமைப் பாருங்கள்: எல்லைச் சாவடியில் உட்கார்ந்து ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் முழு ஆட்டமும். 2013இல் வந்தது, இன்றும் பேசப்படுகிறது.

கருவிகளுக்குச் செலவு வேண்டாம். கோடோ என்ற என்ஜின், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள், 2014 முதல் திறந்த மூலமாக, முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. சொற்களால் மட்டும் ஆன கதைக் கேம் என்றால் ட்வைன் என்ற கருவி போதும். அதில் தமிழ் எழுத்தும் சிக்கலின்றி வரும். யூனிட்டி என்ற என்ஜினும் தொடக்கநிலையில் இலவசமே, ஆனால் 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்துச் சிறிய டெவலப்பர்களைக் கதிகலங்க வைத்தது. மலிவாகவோ இலவசமாகவோ லட்சக்கணக்கில் பரவும் கேமுக்குத்தானே அது முதலில் வலிக்கும்? மறு ஆண்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் பலர் கோடோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

நானூறு ரூபாயில் யாருக்கு எவ்வளவு

ஸ்டீமில் ஒரு கேமை வெளியிட 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்ப வரும். விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அந்தப் பங்கு 25 ஆகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் குறையும், அதாவது பெரிய ஆட்களுக்கு மட்டும். எபிக் தளம் 2018 டிசம்பரில் 12 சதவீதம் என்று அறிவித்து வந்தது. இட்ச் தளத்தில் பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். மாற்றாமல் விட்டால் 10 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 400 ரூபாய்க்கு ஒரு கேமை விற்கிறீர்கள், 18 சதவீத ஜிஎஸ்டி அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி போக 339 ரூபாய். அதில் 30 சதவீதம் கழிந்தால் 237. மாதம் 30,000 ரூபாய் போதும் என்று ஓராண்டு உட்கார்ந்து செய்த கேம் என்றால் போட்ட உழைப்பு திரும்ப 1,500 பிரதிகளுக்கு மேல் விற்க வேண்டும். பாதி விலைத் தள்ளுபடியில் மட்டுமே போகும் என்றால் 3,000. '100 ரூபாய் வைத்தால் எல்லாரும் வாங்குவார்கள்' என்று நினைத்தால் 6,000. விலையைக் கால்வாசியாக்கினால் வாங்குபவர்கள் நான்கு மடங்காவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெயரே கேள்விப்படாத கேமை நூறு ரூபாய்க்கும் யாரும் வாங்குவதில்லை. இந்தக் கணக்கில் வெளிநாட்டு வருமானத்தில் பிடிக்கப்படும் வரி, வங்கிக் கட்டணம், இசைக்கும் படத்துக்கும் கொடுத்த தொகை எதையும் நான் சேர்க்கவில்லை.

ஸ்டீமில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விலை வைக்கலாம். 15 டாலர் கேம் இந்தியாவில் நேர் மாற்று விகிதத்தைவிடக் கணிசமாகக் குறைவாகக் கிடைப்பது இதனால்தான். இதைச் சும்மா கொடுத்த சலுகை என்று எண்ண வேண்டாம். முழு விலை வைத்தால் இங்கே விற்காது என்று தெரிந்தே குறைக்கிறார்கள். குறைந்த விலை நாடுகளின் கணக்கைப் போலியாக உருவாக்கி வாங்குகிறவர்கள் பெருகியதால் சில நாடுகளுக்கு அந்த வாய்ப்பு சுருங்கியும் விட்டது.

இங்கே மணிக்கணக்குக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்தான் கேமுக்கு என்று வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு, அந்த மாதம் முழுவதும் ஓடக்கூடிய கேம்தான் வேண்டும். அவர் வெண்பாவை விட்டுவிட்டு ஸ்டார்டியூவை வாங்குவது புத்திசாலித்தனம். என் சண்டை அவரோடு இல்லை. வேலைக்குப் போய், ஒன்றரை மணி நேரம் ஓடும் சினிமாவுக்குப் பாப்கார்னோடு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, அதே நீளமுள்ள கேமுக்கு ஐந்நூறு ரூபாயா என்று கேட்பவர்களோடுதான்.

இரண்டு மணி நேர வாசல்

2015 ஜூனில் ஸ்டீம் பணம் திருப்பித் தரும் விதியைக் கொண்டுவந்தது: வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குபவருக்கு நல்ல விதி. ஓடாத கேமையும் ஏமாற்றுக் கேமையும் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒன்றரை மணி நேரக் கேமை முழுவதும் ஆடிவிட்டுக் காசையும் திரும்பப் பெறலாம் என்று ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டில் 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் கேமைச் செய்தவர், நல்ல விமர்சனம் எழுதியவர்கள்கூடப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்லி, கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார்.

இந்த விதி வடிவமைப்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டவேண்டும் என்பதற்காகவே நடையை மெதுவாக்குவது, போன வழியே திரும்பி வரச் சொல்வது, ஒரே வேலையைப் பத்து முறை கேட்பது என்று சிலர் கேமை நீட்டுகிறார்கள். ஆடுபவருக்கு அது உடனே தெரிந்துவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது: கேம் ஒரு மணி நேரம்தான் என்றால் ஒரு மணி நேரம் என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதினால் சில பிரதிகள் குறையலாம். வாங்கியவர் ஏமாந்ததாக உணர மாட்டார். ஏமாந்தவர் எழுதும் விமர்சனம் அதைவிட அதிகப் பிரதிகளைக் குறைத்துவிடும்.

இலவசம், விருப்பவிலை, தள்ளுபடி

2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் புதிர் ஐபோனுக்கு வந்தது. ஏறக்குறைய 14 மாத உழைப்பு, சில டாலர் விலை. அடுத்த மாதமே '2048' வந்தது. இத்தாலியின் காப்ரியேலே சிருல்லி என்ற இளைஞர் ஒரு வார இறுதியில் செய்து இலவசமாகவே வெளியிட்டது. அதே கட்டத்தில் எண்களை நகர்த்திச் சேர்க்கும் ஆட்டம். உலகம் ஆடியது 2048ஐ. 'த்ரீஸின் நகல் 2048' என்றிருக்க வேண்டியது போய், த்ரீஸைப் பார்த்தவர்கள் 2048இன் நகலா என்று கேட்கும் நிலை வந்தது. கைபேசியில் காசு கொடுத்துக் கேம் வாங்கும் பழக்கம் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கூர்மையான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கைபேசியில் இன்று பெரும்பாலானவை இலவசம். வருமானம் விளம்பரத்திலும் கேமுக்குள் விற்கும் பொருட்களிலும் வருகிறது. அந்த வழியில் போனால் ஆடுபவரை எங்கே நிறுத்தி விளம்பரம் காட்டலாம், எங்கே பொறுமையிழக்க வைத்துக் காசு கேட்கலாம் என்பது ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாகிவிடுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஆடு வாங்கக் கடைக்குப் போகச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

விரும்பிய விலை கொடுங்கள் என்பது இன்னொரு வழி. இதில் இரண்டு பரிசோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2009 அக்டோபரில் 'வேர்ல்டு ஆஃப் கூ' கேமின் முதல் ஆண்டு நிறைவையொட்டி, 20 டாலர் கேமை விரும்பிய விலைக்குத் தந்தார்கள். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 57,000 பேர் வாங்கினார்கள். சராசரி 2 டாலர் சொச்சம். மிக அதிகம் பேர் கொடுத்த தொகை ஒரு சென்ட். பேபால் கட்டணம் போனால் அதில் மிச்சம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம், அதே கேமையும் வேறு சில இண்டி கேம்களையும் சேர்த்து 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற பெயரில் மறுபடியும் விரும்பிய விலைக்கே விற்றார்கள். இம்முறை ஏறக்குறைய 1,38,000 பேர், சராசரி 9 டாலருக்கு மேல், மொத்தம் 12 லட்சம் டாலரைத் தாண்டியது.

கேம்கள் கூடுதல் என்பது ஒரு காரணம்தான். ஆனால் அந்த விற்பனைப் பக்கமே ஒரு கேமைப் போல வடிவமைக்கப்பட்டிருந்தது. கொடுக்கும் பணத்தில் எவ்வளவு கேம் செய்தவர்களுக்கு, எவ்வளவு அறக்கட்டளைகளுக்கு என்று வாங்குபவரே பிரிக்கலாம். விண்டோஸ்காரர்கள் சராசரியாக எவ்வளவு, மேக்காரர்கள் எவ்வளவு, லினக்ஸ்காரர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ்காரர்கள் எல்லாரையும்விட அதிகம் கொடுத்துத் தங்கள் மானத்தைக் காத்தார்கள். ஒரே விதி, பக்கத்தில் காட்டிய எண்கள் மாறியதும் கொடுக்கும் கை மாறியது.

முதல் கேமுக்கு இட்ச் தளத்தில் இந்த முறைதான் பொருத்தம். குறைந்தபட்ச விலை பூஜ்யம், விரும்பினால் கொடுக்கலாம். பெரும்பாலோர் கொடுக்க மாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தேவை காசைவிட ஆடுகிறவர்கள். அவர்கள் எங்கே நின்று தடுமாறினார்கள் என்ற செய்தி. முடிந்தால் ஒருவர் ஆடும்போது பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். 'அங்கே அல்ல, இடது பக்கம் போ' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள்; சொல்ல வேண்டிய ஒவ்வொரு இடமும் கேமில் திருத்த வேண்டிய இடம்.

ஸ்டீமில் விற்கும் அளவுக்கு ஒன்று தேறிவிட்டது என்றால், உங்கள் கேமை ஒத்த ஏழெட்டுக் கேம்களை எடுத்து, அவற்றின் முழு விலையைப் பாருங்கள், தள்ளுபடி விலையை அல்ல. அந்த வரம்புக்குள் நடுவில் நில்லுங்கள். மிகக் குறைத்து வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு: செய்தவரே இதை இரண்டு டாலருக்கு மேல் மதிக்கவில்லை என்று வாங்குபவர் படித்துக்கொள்வார். தள்ளுபடியால் விலையைக் கீழே கொண்டுவருவது எப்போதும் முடியும். மேலே ஏற்றுவது கடினம். வாம்பயர் சர்வைவர்ஸ் ஏற்றியது, ஆனால் முழு வடிவம் வரும்போது விலை கூடும் என்று முன்பே சொல்லிவிட்டு ஏற்றியது. ஸ்டீம் பயனர்கள் கேமை விஷ்லிஸ்டில் (பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில்) போட்டுவிட்டுத் தள்ளுபடி மின்னஞ்சலுக்குக் காத்திருப்பவர்கள். அதனால் முதல் விலை எவ்வளவு என்பதோடு, ஓராண்டில் அது எத்தனை முறை எவ்வளவு இறங்கப்போகிறது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதாகிறது. வெளியான மாதமே பாதி விலைக்கு வந்துவிட்டால், முதல் நாளே வாங்கியவர்தான் முட்டாளாகிறார். உங்கள் மேல் அக்கறை கொண்டவரும் அவர்தான்.

பெரிய வெற்றியாளர்கள் குறைத்து விற்பதும் மற்றவர்களுக்குத் தலைவலி. 'ஹாலோ நைட் சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4 அன்று 19.99 டாலருக்கு வந்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'ஹாலோ நைட்' கேமின் தொடர்ச்சி, ஏழெட்டு ஆண்டு உழைப்பு. இதுவே இருபது டாலர் என்றால் என் கேமுக்கு எப்படிப் பதினைந்து கேட்பது என்று சிறிய டெவலப்பர்கள் கலங்கினார்கள். பலர் வெளியீட்டுத் தேதியையே தள்ளிவைத்தார்கள். அதைச் செய்த டீம் செர்ரி குழுவால் அப்படி விற்க முடியும். முதல் கேமின் வருமானம் அவர்களிடம் இருந்தது, வாங்கக் காத்திருந்த கூட்டமும் இருந்தது. உங்களிடம் இரண்டும் இல்லை, ஆகவே அந்த விலையை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான பாதையில் வந்தது 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் வெளியிட்டது. படங்களே இல்லாமல், விசைப்பலகையின் எழுத்துகளாலேயே ஒரு முழு உலகத்தைக் காட்டும் கேம். பதினாறு ஆண்டுகள் இலவசமாகத் தந்து, ரசிகர்கள் அனுப்பிய நன்கொடையில் வாழ்ந்தார்கள். சாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்து மருத்துவச் செலவு அச்சுறுத்தியபோதுதான் விற்பதைப் பற்றி யோசித்தார்கள். படங்களும் சுட்டி வசதியும் சேர்த்து 2022 டிசம்பரில் ஸ்டீமில் 29.99 டாலருக்கு வெளியிட்டார்கள். சில்க்சாங்கைவிடப் பத்து டாலர் கூடுதல். முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள் விற்றன. வாங்கியவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அதை இலவசமாக ஆடிவந்தவர்கள். எழுத்துகளால் ஆன பழைய வடிவத்தை அந்தச் சகோதரர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் தளத்தில் இன்றும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.